வாங்கிய கைக்கும் கணக்கு உண்டு

அறநிறுவனங்களின் உதவி நிதி பெறும் சங்கங்களுக்கு ஒரு பாடம்

நமது பங்குகளில் உள்ள மாதர் சங்கமோ, கிராம அபிவிருத்திச் சங்கமோ, பாலர் பாடசாலைக் குழுவோ வெளிநாட்டு அறநிறுவனம் ஒன்றுக்கு உதவி கேட்டு விண்ணப்பம் எழுதும்போது எத்தனை பேர் கூடுகிறார்கள்! ஒருவர் மதிப்பீடு போடுகிறார். ஒருவர் ஆங்கிலத்தைத் திருத்துகிறார். இன்னொருவர் தட்டச்சுச் செய்கிறார். பணம் வங்கிக்கு வந்து சேர்ந்துவிட்டது என்ற செய்தி வரும் நாளில் ஊரே மகிழ்கிறது. ஆனால், ஆறு மாதங்கள் கழித்து அறிக்கை அனுப்பும்படி கடிதம் வரும்போது, அதே மண்டபத்தில் செயலாளர் மட்டும் தனியே குந்தியிருக்கிறார். பற்றுச்சீட்டுகளிற் பாதி ஒரு பிஸ்கட் பேணிக்குள்ளும், மீதி பொருளாளரின் கைப்பைக்குள்ளும் கிடக்கின்றன. "நம்பித்தானே தந்தார்கள், பிறகு ஏன் இத்தனை கேள்வி?" என்ற முணுமுணுப்பும் எழுகிறது.

இந்த முணுமுணுப்பு நியாயமானதா? அறிக்கை என்பது வெறும் கடதாசி வேலையா? அதைச் சரிவரச் செய்வது எப்படி? இவற்றைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

ஏன் கணக்குக் கேட்கிறார்கள்?

முதலில் ஒன்றை மனதிற் கொள்ள வேண்டும். நமக்குப் பணம் அனுப்பும் நிறுவனமும் அந்தப் பணத்தின் சொந்தக்காரன் அல்ல. அதுவும் ஒரு கண்காணிப்பாளனே. ஜெர்மன் நாட்டு ஆயர்கள் 1958ஆம் ஆண்டில் தொடங்கிய மிசெரியோர் என்னும் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். தவக்காலத்திலே அந்நாட்டுக் கோவில்களில் எடுக்கப்படும் காணிக்கை அதன் நிதிக்குச் சேர்கிறது. அங்கே ஓய்வூதியத்தில் வாழும் ஒரு மூதாட்டி தன் செலவைக் குறைத்துப் போட்ட காசும் அதில் இருக்கலாம். அந்த அம்மாவுக்கு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். நிறுவனத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, சட்டம். ஐக்கிய அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டில் நிறைவேறிய வரிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் அறநிறுவனங்கள்மீது கடுமையான பொறுப்பைச் சுமத்தியது. அந்நாட்டுப் பொது அறநிலையங்களுக்கு ஒப்பானது என்று நிரூபிக்கப்படாத ஓர் அமைப்புக்கு அவை நிதி வழங்குவதானால், முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும். பணம் எப்படிச் செலவாயிற்று என்ற அறிக்கையைப் பெற வேண்டும். அதைத் தமது அரசின் வரித் திணைக்களத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தவறினால் அந்த நிறுவனமே தண்ட வரி கட்ட நேரிடும். ஆகவே நமது அறிக்கை பிந்தினால் அங்கே ஓர் அலுவலர் சங்கடப்படுவது மட்டுமல்ல. அடுத்த தவணைப் பணத்தை அனுப்ப முடியாமல் அவர் கையும் கட்டப்பட்டுவிடுகிறது.

மூன்றாவது காரணம் நமக்குப் புதிதல்ல. புனித சின்னப்பர் யெருசலேமில் வாழ்ந்த ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் கொரிந்துவிலும் பணம் சேர்த்தார். அவருடைய நேர்மையைச் சந்தேகிக்க யார் இருந்தார்கள்? அப்படியிருந்தும் அந்தப் பணத்தை அவர் தனியே தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். இப்பெருங்கொடையைப் பற்றி ஒருவரும் குறைகூற இடம் வைக்கக்கூடாது என்றும், ஆண்டவர் முன்னிலையில் மட்டுமன்றி மனிதர் முன்னிலையிலும் நேர்மையாய் நடக்க விரும்புவதாகவும் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில் அவர் விளக்குகிறார். "என் மனச்சாட்சிக்குத் தெரியும்" என்று சொல்லி அவர் நின்றுவிடவில்லை. நாம் மட்டும் எப்படி நிற்கலாம்?

ஒப்பந்தத்தை எல்லாரும் வாசியுங்கள்

அறிக்கை எழுதும் வேலை, பணம் வந்த அன்றே தொடங்குகிறது. நிறுவனம் அனுப்பிய ஒப்பந்தத்தைத் தலைவரும் செயலாளரும் மட்டும் பார்த்து ஒப்பமிட்டுக் கோவையில் வைத்துவிடுவது பெருந்தவறு. நிருவாகக் குழுக் கூட்டத்தில் அதைத் தமிழிலே ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும். பின்வரும் விடயங்களை அதிலே தேடுங்கள்:

1. பணம் எந்த நோக்கத்துக்குத் தரப்பட்டது?
2. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை செலவு செய்யலாம்?
3. வரவு செலவுத்திட்டத்தில் எத்தனை தலைப்புகள் உள்ளன; ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு?
4. ஒரு தலைப்பில் உள்ள பணத்தை வேறு தலைப்புக்கு மாற்றலாமா. மாற்றலாமானால் எந்த அளவுக்கு?
5. செயல் அறிக்கையும் நிதி அறிக்கையும் எந்தெந்தத் திகதிகளில் அனுப்பப்பட வேண்டும்?
6. வெளிக் கணக்காய்வாளரின் அறிக்கை தேவையா?
7. மீதிப் பணத்தை என்ன செய்வது? பற்றுச்சீட்டுகளை எத்தனை வருடங்களுக்குப் பாதுகாப்பது?

இந்தத் திகதிகளைச் சங்க மண்டபத்து நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவிடுங்கள். ஒவ்வொரு திகதிக்கும் ஒரு மாதம் முன்பாக இன்னொரு குறி இடுங்கள். அறிக்கை பிந்துவதற்குக் காரணம் பெரும்பாலும் நேர்மையின்மை அல்ல, நினைவின்மையே.

கணக்கு நாளுக்கு நாள்

கணக்கு என்றதும் பலர் அஞ்சுகிறார்கள். சிறு சங்கம் ஒன்றுக்குப் பெரிய கணக்கியல் அறிவு வேண்டியதில்லை. ஒழுங்கு மட்டுமே வேண்டும்.

இத்திட்டத்துக்கென ஒரு தனி வங்கிக் கணக்குத் திறவுங்கள். அது முடியாவிட்டால் தனிக் காசேடு ஒன்றாவது இருக்கட்டும். காசோலையில் இருவர் ஒப்பமிட வேண்டும்; அந்த இருவரும் ஒரே வீட்டாராக இருத்தல் ஆகாது. வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே ஒப்பமிட்டுக் கொடுக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு செலவுக்கும் ஒரு பற்றுச்சீட்டு. ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் ஓர் இலக்கம். அதே இலக்கம் காசேட்டிலும். கூலியாளும் வண்டிக்காரரும் பற்றுச்சீட்டுத் தரமாட்டார்களே என்று கேட்பீர்கள். அதற்காகச் சங்கமே ஒரு கொடுப்பனவுச் சீட்டுத் தயாரித்து, பெற்றவரின் பெயர், செய்த வேலை, நாள், தொகை ஆகியவற்றை எழுதி, அவருடைய கையொப்பத்தையோ பெருவிரல் அடையாளத்தையோ பெற்றுக்கொள்ளலாம். நாட்கூலி வேலையானால் வரவுப் பதிவேட்டையும் கூடவே வையுங்கள்.

இக்காலத்துக் கடைகளில் இயந்திரம் அச்சடித்துத் தரும் வழுவழுப்பான சீட்டில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிப்போகும். கணக்காய்வாளர் வரும் நாளில் நம்மிடம் வெள்ளைக் கடதாசிதான் மிஞ்சும். ஆகவே வாங்கிய அன்றே அதற்கு நிழற்பிரதி எடுத்து மூலச் சீட்டுடன் சேர்த்து வையுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வைப்பது நல்லது.

மாதம் முடிந்ததும் காசேட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் அன்றே காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரு மாதத்து வித்தியாசத்தை ஒரு மணி நேரத்தில் தீர்க்கலாம். ஒரு வருடத்து வித்தியாசம் ஒருவருடைய நற்பெயரையே தின்றுவிடும்.

நாணய மாற்று இன்னொரு சிக்கல். நிறுவனம் யூரோவிலோ டொலரிலோ அனுப்புகிறது. நமக்கு ரூபாவாகவே கிடைக்கிறது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த ஓர் அமெரிக்க டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 350 ரூபாவையும் தாண்டியது. அத்தகைய காலத்தில் மதிப்பீட்டில் இருந்ததைவிடக் கூடுதலான ரூபா வந்து சேரும். சீமெந்தின் விலையும் கூடவே ஏறும். கூடுதலாக வந்த ரூபா நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் அல்ல. அதுவும் திட்டத்துக்குரிய பணமே. வங்கி எந்த விகிதத்தில் மாற்றியது என்பதைக் காட்டும் பத்திரத்தை அறிக்கையுடன் இணைத்து, அந்த மேலதிகத் தொகையையும் வங்கி தந்த வட்டியையும் வரவுப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

உவர் ஏறிய கிணறு

இதுவரை சொன்னவை ஒழுங்கு பற்றியவை. மனச்சாட்சிக்கு வரும் சோதனை வேறு. ஒரு கிராமத்தைக் கற்பனை செய்து பாருங்கள். குடாநாட்டின் கரையோரத்திலே விதவைகள் குடும்பம் நடத்தும் இருபது வீடுகள். அவர்களுடைய வீட்டுத்தோட்டத்துக்காக ஓர் அறநிறுவனம் 1,200,000 ரூபா தருகிறது. கிணற்றுக்கு 600,000, நீரிறைக்கும் இயந்திரத்துக்கு 180,000, கம்பி வேலிக்கு 220,000, விதைக்கும் பயிற்சிக்கும் 140,000, போக்குவரத்துக்கும் கணக்காய்வுக்கும் 60,000.

மாசியில் கிணறு வெட்டினார்கள். நல்ல தண்ணீர். இயந்திரம் வாங்குமுன் வாடகை இயந்திரம் ஒன்றைப் பிடித்துச் சில மாதங்கள் இறைத்தார்கள். ஆவணியில் தண்ணீர் உவர்த்தது. குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்திலே மழைநீர் கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலே ஏறும். கரையோரத்தில் அது இன்னும் விரைவாக நடக்கும். கத்தரியும் மிளகாயும் கருகின. அறிக்கை அனுப்ப இன்னும் ஒரு மாதம். இயந்திரத்துக்குரிய 180,000 ரூபா வங்கியில் அப்படியே கிடக்கிறது.

நிருவாகக் குழு கூடுகிறது. தலைவி சொல்கிறார்: "தம்பி, கிணறு வெட்டினது மெய்தானே? தண்ணி வந்ததும் மெய்தானே? அதை மட்டும் எழுதிவிடு. மாரி பெய்து கிணறு நிரம்பினாப் பிறகு ஒரு படமும் எடுத்து அனுப்பு."

இன்னொருவர் சொல்கிறார்: "பாலர் பாடசாலைக் கூரை ஒழுகுது. இயந்திரக் காசை அதுக்குப் போடுவம். எங்கடை வீட்டுக்கோ கொண்டு போறம்? பிள்ளையளுக்குத்தானே?"

மூலையில் இருந்த வயோதிப மாது ஒருத்தி வாய் திறக்கிறாள்: "உவர்த் தண்ணியோடை கிடந்து மாயிறது நாங்கள். அறிக்கையிலை மட்டும் நல்ல தண்ணியோ?"

இம்மூவரில் யாருக்குச் செவிசாய்ப்பது?

தலைவி சொன்னதில் எழுத்தளவில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் வாசிப்பவரின் மனதில் ஒரு பொய்யை உண்டாக்குவதே அதன் நோக்கம். அந்த அறிக்கையை நம்பி, அதே கரையோரத்தில் அடுத்த கிராமத்துக்கும் ஒரு கிணற்றுக்கு நிறுவனம் பணம் தரலாம். அங்கேயும் உவர் ஏறும். மறைத்த தோல்வி இன்னொரு ஏழையின் தலையில் விழுகிறது.

பாலர் பாடசாலைக் கூரை நல்ல காரியந்தான். ஆயினும், ஒரு நோக்கத்துக்காகத் தரப்பட்ட பணம் இன்னொரு நல்ல நோக்கத்துக்குப் போவதும் பிசகே. விசுவாசிகள் ஒரு குறித்த நோக்கத்துக்காகத் தந்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1267ஆம் சட்டம். அறநிறுவனத்தின் ஒப்பந்தமும் இதையே சொல்லும். "எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை" என்பது திருடவில்லை என்பதற்குச் சான்றாகலாம். சொன்னபடி செய்தோம் என்பதற்குச் சான்றாகாது.

அந்த முதிய மாதுவின் வழியே சரியானது. சங்கம் செய்ய வேண்டியது இதுதான். அந்தத் தலைப்பில் செலவை உடனே நிறுத்த வேண்டும். அறிக்கைத் திகதி வரும்வரை காத்திராமல் நிறுவனத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். அதிலே நடந்தது என்ன, எப்போது தெரிந்தது, இதுவரை எவ்வளவு செலவாயிற்று, எவ்வளவு மீதி, நாம் செய்த பிழை என்ன என்பவற்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பிறகு ஒரு மாற்று யோசனையை முன்வைக்க வேண்டும். இயந்திரத்தைக் கைவிட்டு, அந்தப் பணத்தில் மழைநீர்த் தாங்கி கட்டலாமா, தோட்டத்தைச் சிறிதாக்கி மாரிப் பயிர் மட்டும் செய்யலாமா என்று கேட்கலாம். எழுத்திலே சம்மதம் வரும்வரை ஒரு சதமும் தொடக்கூடாது.

நிறுவனம் இணங்கலாம், கால எல்லையை நீடிக்கலாம், மீதியைத் திருப்பித் தரும்படியும் கேட்கலாம். கடைசியாகச் சொன்னது நேர்ந்தால் சங்கத்துக்கு அது வேதனைதான். அந்த வேதனையை ஏற்கத் துணிந்தால் மட்டுமே உண்மையை எழுத முடியும். உண்மை எழுதினால் கட்டாயம் பரிசு கிடைக்கும் என்று நாம் யாருக்கும் வாக்குக் கொடுக்க இயலாது. ஆனால் ஒரு தோல்வியை நேரத்தோடு அறிவித்த சங்கத்தை மீண்டும் நம்பலாம். மறைத்துப் பிடிபட்ட சங்கத்தை நம்ப முடியாது. அதனுடைய அவப்பெயர் அயற் சங்கங்களையும் ஒட்டிக்கொள்ளும்.

அறிக்கையை எழுதும் முறை

நிதி அறிக்கையில் நான்கு நிரல்கள் போதும்: அனுமதித்த தொகை, செலவான தொகை, வித்தியாசம், காரணம். உதாரணமாக, வேலிக்கு அனுமதித்தது 220,000, செலவானது 251,000, வித்தியாசம் 31,000. இது ஏறக்குறைய 14 வீதம். ஒப்பந்தம் 10 வீதம் வரையே இடம் கொடுத்திருந்தால், இச்செலவுக்கு முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். பெறவில்லையானால் அதையும் சொல்லிவிட வேண்டும். காரண நிரலில் "விலையேற்றம்" என்று ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். கம்பியின் விலை மதிப்பீட்டு நாளில் என்ன, வாங்கிய நாளில் என்ன என்று எழுதி, கடைகளிற் பெற்ற விலை விபரத்தையும் இணையுங்கள்.

செயல் அறிக்கையில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் இருக்கட்டும். என்ன செய்வதாகச் சொன்னோம்? என்ன செய்தோம்? அதனால் மக்கள் வாழ்வில் என்ன மாறியது? எது சரிவரவில்லை? இனி என்ன செய்வோம்? "பயிற்சி வெகு சிறப்பாக நடைபெற்றது" என்ற வாக்கியம் ஒன்றையும் தெரிவிப்பதில்லை. எத்தனை பேர் முதல் நாள் வந்தார்கள், எத்தனை பேர் கடைசி நாள் வரை நின்றார்கள், ஆறு மாதத்தின் பின் எத்தனை பேர் இன்னும் தோட்டம் செய்கிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள். இருபது பேரில் பதினொருவர் என்றால் பதினொருவர் என்றே எழுதுங்கள். ஒன்பது பேர் ஏன் விட்டார்கள் என்று விசாரித்து எழுதினால், அறிக்கையின் மிகப் பயனுள்ள பக்கம் அதுவாகவே இருக்கும்.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உதவி பெற்றவரின் சம்மதமின்றி அவருடைய படத்தையோ துயரக் கதையையோ அனுப்பாதீர்கள். பிள்ளைகளின் படமானால் பெற்றோரைக் கேளுங்கள். ஏழையின் மானம் நமது அறிக்கைக்கு அலங்காரம் அல்ல.

முதலில் ஊருக்கு, பிறகு கடல் கடந்து

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியதன் பின் நமது கரைகளுக்கு வந்த நிதி கொஞ்சமல்ல. பல நிறுவனங்கள் கூட்டாக நடத்தி 2006இல் வெளியிட்ட மதிப்பாய்வு ஒரு கசப்பான உண்மையைச் சொன்னது: பணம் தந்தவர்களுக்குக் கணக்குச் சொல்லக் காட்டிய அக்கறையை, பாதிக்கப்பட்ட மக்களுக்குக் கணக்குச் சொல்வதில் நிறுவனங்கள் காட்டவில்லை. பெரிய நிறுவனங்களைக் குறைகூறுவது எளிது. நமது சங்கம் அனுப்பிய கடைசி அறிக்கையை நமது ஊர் விதவை எவராவது கேட்டாரா?

ஆகவே இந்தப் பாடத்தின் சாரத்தை ஒரு வழக்கமாகச் சொல்லி வைக்கலாம். அறிக்கை தபாலுக்கோ மின்னஞ்சலுக்கோ போகுமுன், யாருக்காகப் பணம் வந்ததோ அவர்களைக் கூட்டி, அவர்கள் முன்னிலையில் தமிழிலே உரத்து வாசியுங்கள். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி மண்டபத்துச் சுவரில் ஒட்டுங்கள். திருத்தம் சொல்ல இடம் கொடுங்கள். அந்தக் கூட்டத்திலே வாசிக்க நா கூசும் வாக்கியம் எதுவும் அறிக்கையில் இருக்கலாகாது. உவர்த் தண்ணீரோடு வாழ்கிறவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது, கிணறு நல்ல தண்ணீர் தருகிறது என்று யாராலும் வாசிக்க முடியாது. எந்தக் கணக்காய்வாளரும் செய்ய முடியாத கணக்காய்வு அது.

கணக்குக் கேட்பது அவநம்பிக்கையின் அடையாளம் அல்ல. கணக்குச் சொல்வது கூனிக்குறுகிச் செய்யும் வேலையும் அல்ல. கொடுத்தவர், நடுவில் நின்று செய்தவர், பெற்றவர் ஆகிய மூவரையும் ஒரே மேசையில் அமர்த்துவது அந்தக் கணக்கு ஏடுதான். அதைச் சுத்தமாக வைத்திருப்போம்.

சங்கக் கூட்டங்களில் கலந்துரையாட

1. நமது சங்கம் இப்போது பெற்றிருக்கும் உதவி எந்த நோக்கத்துக்குரியது? அதை நிருவாகக் குழுவினர் எல்லாரும் சொல்லக்கூடியவர்களா?

2. பற்றுச்சீட்டுகள் இன்று எங்கே இருக்கின்றன? செயலாளர் நாளை நோயுற்றால் வேறொருவரால் கணக்கைத் தொடர முடியுமா?

3. உவர் ஏறிய கிணற்றுக் கூட்டத்தில் நாம் இருந்திருந்தால் யாருடைய பக்கம் பேசியிருப்போம்? உண்மையாகவே பேசியிருப்போமா?

4. அடுத்த அறிக்கையை ஊர் மக்கள் முன் வாசிக்க எந்த நாளைக் குறிப்போம்?